மார்க் தப்பாக வந்திருக்கிறது என்று தோன்றினால்

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம்: அதன் மேல் பேனாவோ பென்சிலோ படவே கூடாது. "இங்கே ஏன் குறைத்தார்கள்?" என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால்கூட அந்தத் தாள் ஆதாரமாக நிற்காது. திருத்திய பிறகு மாணவர் எதையோ எழுதிச் சேர்த்திருக்கிறார் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், மார்க் கேட்டுப் போனவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரும். தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதனால் வாங்கிய உடனே, காலிப் பக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடவும் குறிப்பெழுதவும் அந்தப் படங்களின் பிரிண்ட் போதும்.

அன்றிரவே மெயில் எழுதாதீர்கள். ஒரு நாள் போகட்டும், ஆனால் ஒரு வாரம் போகக்கூடாது. மறுபரிசீலனை கேட்கப் பெரும்பாலும் இரண்டு கெடுக்கள் இருக்கும். ஒன்று, அந்தப் பாடத்தின் ஆசிரியர் வைத்தது: தாள் கொடுத்த நாளிலிருந்து சில நாட்கள். இன்னொன்று, கல்லூரியோ பல்கலைக்கழகமோ வைத்தது: தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. அது வேலை நாள் கணக்கா, காலண்டர் நாள் கணக்கா என்று விதியில் பாருங்கள். விடுமுறை நடுவில் வந்தால் இந்த ஒரு சொல்லே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். ஆசிரியர் ஊரில் இல்லை, மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றாலும் கெடுவுக்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள். "சார் வந்ததும் கேட்கலாம் என்று இருந்தேன்" என்பதை எந்தக் குழுவும் தாமதத்துக்குக் காரணமாக ஏற்பது அரிது. நியாயம் இருந்தும் தோற்றுப்போகும் கோரிக்கைகளில் வருத்தம் தருபவை இவைதான்.

அடுத்து, என்ன வகைத் தவறு என்று பிரிக்க வேண்டும். "நான் இதைவிட நன்றாக எழுதியிருக்கிறேன்" என்ற எண்ணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து யாராலும் மார்க்கை மாற்ற முடியாது. எழுத்தில் இருக்கும் ஒரு விதி, அதற்கு மாறாக நடந்த ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால்தான் மார்க் மாறும். உங்கள் வேலை முழுவதும் அந்த இரண்டையும் தேடி எடுப்பதுதான்.

தேடலை எளிய இடத்திலிருந்து தொடங்குங்கள். உள்பக்கங்களில் போட்ட மார்க்குகளைக் கூட்டி, முகப்புத் தாளில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். உள்ளே 6 என்று இருப்பது முகப்பில் வேறு கேள்வி எண்ணுக்கு நேரே போயிருக்கலாம், அல்லது விட்டே போயிருக்கலாம். பிறகு திருத்தப்படாத பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விடையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஐந்து பக்கம் தள்ளித் தொடர்ந்திருந்தால், அந்த இரண்டாம் பாதியில் டிக், கோடு, மார்க் எதுவுமே இல்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. கட்டுக்கட்டாகத் திருத்துபவரின் கண் அடுத்த கேள்வி எண்ணைத் தேடித் தாவும். தலைப்பில்லாத பக்கம் தப்பிவிடும். கூடுதல் தாள் வாங்கிக் கட்டியிருந்தால் அது கட்டில் இருக்கிறதா, முகப்பில் எழுதிய தாள் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். "ஏதேனும் ஐந்து" என்ற பகுதியில் ஆறு எழுதியிருந்தால், முதல் ஐந்தை எடுப்பதா, சிறந்த ஐந்தை எடுப்பதா என்று விதி என்ன சொல்கிறதோ அதன்படி எடுத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கேள்வி எண்ணை நீங்களே மாற்றி எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டுதான் கேட்க வேண்டும். அதைச் சரிசெய்வது ஆசிரியரின் கருணை.

பல பகுதிகள் கொண்ட கணக்கில் இன்னொன்று உண்டு. (அ)-வில் வந்த தவறான விடையை (ஆ)-வில் பயன்படுத்தி, (ஆ)-வின் முறையைச் சரியாகச் செய்திருந்தால், முறைக்கான மார்க் தர வேண்டும் என்று பல விடைக்குறிப்புகள் சொல்லும். திருத்தியவர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துச் சுழித்திருந்தால் கேட்கலாம். விடைக்குறிப்பு அப்படிச் சொல்லவில்லை என்றால் கேட்பதில் பலன் குறைவு.

பருவத்தின் மொத்த மார்க்கில் வரும் தவறுகள் வேறு ரகம். அவை தாளில் தெரியாது. ஆன்லைன் மார்க் பட்டியலின் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு கணக்கைப் பார்ப்போம். அசைன்மென்ட்டுக்கு 20 சதவீதம், இரண்டு இடைத்தேர்வுக்குத் தலா 15, புராஜெக்ட்டுக்கு 20, இறுதித் தேர்வுக்கு 30 என்று பாடத் திட்டத்தில் இருக்கிறது. அசைன்மென்ட் பத்து, ஒவ்வொன்றும் 10 மார்க்குக்கு. குறைந்த ஒன்றை விட்டுவிடுவோம் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு மாணவி ஒன்பது அசைன்மென்ட்டில் 77 எடுத்திருக்கிறாள், ஒன்றைச் சமர்ப்பிக்கவில்லை. விதிப்படி 90-க்கு 77, அதாவது 20-க்கு 17.11. பட்டியலில் அந்த விதியைச் செயல்படுத்த மறந்திருந்தால் 100-க்கு 77, அதாவது 15.4. இடைத்தேர்வுகளில் 40-க்கு 30, 40-க்கு 32, அவை 11.25, 12. புராஜெக்ட்டில் 82 சதவீதம், அது 16.4. இறுதித் தேர்வில் 68, அது 20.4. விதிப்படி மொத்தம் 77.16. பட்டியல் காட்டுவது 75.45. அடுத்த கிரேடு 77-இல் தொடங்கினால், யாரும் வேண்டுமென்று செய்யாத ஒரு சிறு மறதி ஒரு கிரேடையே கீழே இறக்கிவிடுகிறது.

இதே இடத்தில் வேறு தவறுகளும் நடக்கும். இன்னும் மார்க் போடாத கட்டம் சில அமைப்புகளில் பூஜ்யமாகவும் சிலவற்றில் கணக்கில் சேராமலும் எடுத்துக்கொள்ளப்படும். அவகாசம் கொடுத்த பிறகும் தாமதக் கழிவு தானாகவே விழுந்திருக்கும். ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுவதா, கூட்டிய பிறகு முழு எண்ணாக்குவதா என்பதில் ஓரிரு மார்க் நகரலாம். பக்கத்து வரிசை எண்ணின் மார்க் உங்களுக்கும் உங்களுடையது அவருக்கும் போயிருக்கும், குறிப்பாக ஒரே பெயரில் இருவர் இருந்தால். அதனால் மொத்தத்தைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பிரச்சினை எதுவும் இல்லாதவர்களும் இதை ஒவ்வொரு பருவமும் செய்வது நல்லது.

இந்தக் கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். மேலே சொன்ன 40 மார்க் இடைத்தேர்வில் 2 மார்க் கூடினால் மொத்தத்தில் ஏறுவது 0.75 மட்டுமே. அடுத்த கிரேடுக்கு 3 தேவை என்றால், அந்த 2 மார்க்குக்காக அலைவதைவிட அடுத்த தேர்வுக்குப் படிப்பது மேல். வெளிப்படையான கூட்டல் பிழை என்றால் அளவு பார்க்காமல் சொல்லிவிடுங்கள். அது பதிவைச் சரிசெய்வது. மதிப்பீடு பற்றிய வாதம் என்றால் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கட்டுரை, அறிக்கை, திட்ட வரைவு போன்றவற்றில் நிலைமை கடினம். எவ்வளவு ஆழமாக எழுதியிருக்கிறார் என்பது திருத்துபவரின் தீர்ப்பு. அதற்குள்ளும் பிடிமானம் உண்டு, ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அளவுகோல் கொடுத்திருந்தால். அதன் ஒவ்வொரு வரியையும் ஒரு தாளின் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் கட்டுரையில் அது எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எழுதுங்கள். எழுத முடியாத வரி இருந்தால் அங்கேதான் மார்க் போயிருக்கிறது. பாதிப் பேருக்குப் பதில் இந்த இடத்திலேயே கிடைத்துவிடும். பிறகு உங்கள் பெயரை மறைத்து, அதே பாடம் எடுக்கும் ஒருவரிடம் அளவுகோலோடு கொடுத்து மார்க் போடச் சொல்லுங்கள். அவரும் ஏறக்குறைய அதே மார்க் போட்டால் நிறுத்திவிடுங்கள்.

மறுமதிப்பீடு கேட்டால் மார்க் குறையவும் கூடும். பல ஆசிரியர்கள் கேட்ட கேள்வியை மட்டும் பார்க்காமல் முழுத் தாளையும் மறுபடி திருத்துவார்கள். உங்களுக்குத் தெரிந்தே எங்கோ தாராளமாக மார்க் விழுந்திருந்தால் அதையும் தராசில் வைத்துப் பாருங்கள். மறுகூட்டல் மட்டும் கேட்பதில் இந்த ஆபத்து குறைவு. எது என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள்.

உதவி ஆசிரியரோ ஆய்வு மாணவரோ திருத்தியிருந்தால் முதலில் அவரிடம், இல்லையென்றால் பாட ஆசிரியரிடம். நேராகத் துறைத் தலைவரிடம் போனால் "ஆசிரியரிடம் கேட்டீர்களா?" என்றுதான் முதல் கேள்வி வரும், ஆசிரியரின் மனமும் கசந்துபோகும். வகுப்பு முடிந்து மற்றவர்கள் சூழ நிற்கும்போது கேட்காதீர்கள். எல்லோர் முன்னாலும் "ஆமாம், தவறுதான்" என்று சொல்வது யாருக்கும் கடினம். மெயில் இப்படி இருக்கலாம்:

பொருள்: இரண்டாம் இடைத்தேர்வு, கேள்வி 4(ஆ) மார்க் குறித்து. பதிவு எண், பிரிவு.

வணக்கம் மேடம். கேள்வி 4(ஆ)-வுக்கு 8-க்கு 3 பெற்றிருக்கிறேன். வகுப்பில் தந்த விடைக்குறிப்பில் சமன்பாட்டை வருவிக்க 4, மதிப்புகளைப் பொருத்த 2, அலகுடன் விடைக்கு 2 என்று இருக்கிறது. என் தாளின் 7-ஆம் பக்கத்தில் வருவித்தல் முழுமையாக இருப்பதாக நினைக்கிறேன். மதிப்புகளைப் பொருத்தும்போது தவறு செய்திருக்கிறேன். அதனால் பொருத்தலுக்கும் விடைக்குமான 4 மார்க் போனது சரிதான். முதல் பகுதியை மட்டும் ஒருமுறை பார்க்க முடியுமா? ஏதாவது படியை விட்டிருந்தால் எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் அசல் தாளோடு வந்து பார்க்கிறேன்.

இந்த மெயிலில் பலம் தருவது எது என்று கவனியுங்கள். கேள்வி எண், பக்கம், விடைக்குறிப்பின் பகுப்பு எல்லாம் இருப்பதால் படிப்பவர் எதையும் தேட வேண்டியதில்லை. தன் தவறை மாணவரே ஒப்புக்கொள்வதால் மீதி வாதம் நம்பப்படுகிறது. கேட்பது ஒரு மார்க்தான் என்றாலும் அது எது என்று தெரிகிறது.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஸ்காலர்ஷிப் போய்விடும், வேலை வாய்ப்புப் போய்விடும், வீட்டில் என்ன சொல்வேன் என்பவை உண்மையாகவே நெஞ்சை அழுத்தலாம். ஆனால் அவை அந்த விடைக்கு மார்க் போட உதவாது. ஆசிரியரின் காதில் அது "இரக்கப்பட்டு விதியை மீறுங்கள்" என்றே விழும், அவர் இன்னும் இறுக்கமாகிவிடுவார். எவ்வளவு நேரம் உழைத்தேன் என்பதும் அப்படியே. தோழியின் தாளோடு ஒப்பிடுவது கூர்மையான கத்தி. ஒரே படி, ஒரே விடை, வேறு மார்க் என்றால் அது வலுவான ஆதாரம்தான். ஆனால் அவளிடம் கேட்காமல் அவள் தாளைக் காட்டாதீர்கள். உங்களுக்குக் கூட்டுவதற்குப் பதில் அவளுக்குக் குறைத்துச் சமப்படுத்தும் வாய்ப்பும் இருக்கிறது.

விடைக்குறிப்பே தவறு என்றால் பேச்சு வேறு. பாடநூலின் பெயர், பதிப்பு, பக்க எண்ணோடு காட்டுங்கள். கேள்வி இரு பொருள் தந்தால் அந்த இரண்டு பொருளையும் எழுதிக் காட்டுங்கள். இது வகுப்பு முழுவதையும் தொடும் விஷயம் என்பதால் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாம். தனித்தனியே முப்பது மெயில் போனால் அது தொல்லையாகத் தெரியும்.

நேரில் சந்திக்கும்போது முதலில் கேளுங்கள்: "எந்த இடத்தில் மார்க் போனது என்று சொல்ல முடியுமா?" பதிலை முழுவதும் கேட்ட பிறகு பேசுங்கள். சில நேரம் அந்த விளக்கமே நியாயமாக இருக்கும், அதை ஏற்றுக்கொண்டு வந்துவிடலாம். ஏற்க முடியவில்லை என்றால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். அன்றே சுருக்கமாக ஒரு மெயில் போடுங்கள்: "இன்று சந்தித்ததற்கு நன்றி. 4(ஆ)-வில் எல்லை நிபந்தனையை எழுதாததால் மார்க் குறைந்தது என்று விளக்கினீர்கள் எனப் புரிந்துகொண்டேன்." பின்னால் மேல்முறையீடு போனால், முதல் படியை முடித்துவிட்டீர்கள் என்பதற்கு இதுவே சான்று. பேச்சில் "பார்க்கிறேன்" என்று சொன்னதற்குத் தேதி கிடையாது, மெயிலுக்கு உண்டு.

ஆதாரங்களைப் பிரச்சினை வந்த பிறகு தேடினால் பாதி கிடைக்காது. பாடத் திட்டத்தைப் பருவத்தின் முதல் வாரமே கோப்பாக இறக்கி வையுங்கள். இணையத்தில் இருப்பது நடுவில் மாறலாம், மாறிய பிறகு பழையது என்ன சொன்னது என்று நிரூபிப்பது பெரும்பாடு. சமர்ப்பித்ததற்கு வரும் ஒப்புகை மெயிலை அழிக்காதீர்கள். உங்கள் கணினியில் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் வலுவற்ற சான்று, ஏனென்றால் அதை மாற்ற முடியும். சர்வர் பதிந்த நேரம்தான் நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முகவரி, தேதி, உங்கள் பெயர் தெரிய முழுப் பக்கமும் எடுங்கள். வெட்டி எடுத்த படம் கேள்விகளைத்தான் கூட்டும். அவகாசம் வாய்மொழியாகக் கிடைத்தால் "நீங்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்று உடனே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

ஆசிரியர் மறுத்த பிறகு அடுத்த படி துறைத் தலைவர், அதற்கு மேல் டீன் அல்லது மேல்முறையீட்டுக் குழு, தேர்வுப் பிரிவு. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அணுகுமுறை பெரும்பாலும் ஒன்றே: குழு தாளை மறுபடி திருத்தாது. விதி பின்பற்றப்பட்டதா, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினார்களா, கணக்கில் பிழை உண்டா, முன்பே தெரிவித்த உடல்நலக் குறைவு போன்ற சூழ்நிலையைக் கருத்தில் கொண்டார்களா என்றுதான் பார்க்கும். கட்டுரை எவ்வளவு சிறந்தது என்று ஐந்து பக்கம் எழுதுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். மருத்துவக் காரணம் என்றால் சான்றிதழ் அந்த நாட்களில் வாங்கியதாக இருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு வாங்கியதை யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த விதி, எப்படி மீறப்பட்டது, என்ன கேட்கிறீர்கள்: கூட்டலைத் திருத்துவதா, இரண்டாவது மதிப்பீட்டாளரா, மறுதேர்வா? பிறகு தேதி வரிசையில் ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் இணைப்பு எண். இணைப்புகளை அந்த எண் வரிசையில் வையுங்கள். ஆசிரியரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பாகுபாடு, துன்புறுத்தல் என்று உண்மையிலேயே நடந்திருந்தால் அதற்குத் தனிப் புகார் வழி இருக்கும். அதை மார்க் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியாகச் செருகினால் அந்தப் பெரிய விஷயம் சின்னதாகிவிடும், மார்க் கோரிக்கையும் கெடும்.

சட்டமும் இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறது: பார்க்கும் உரிமை ஒன்று, மாற்றும் உரிமை வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. திருத்தியவர் யார் என்று தெரிவிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. விதிகள் இடம் தராத மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று அதே நீதிமன்றம் 1984-லேயே சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 டிசம்பரில், விடைகளும் அவற்றின் மேல் தேர்வாளர் எழுதிய குறிப்புகளும் தேர்வெழுதியவரின் தனிப்பட்ட தரவு என்றது. ஆனால் தவறான விடையைத் திருத்திக்கொள்ள அது வழி தராது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விப் பதிவுகளைப் பார்க்கவும் தவறான பதிவைத் திருத்தக் கேட்கவும் இடம் தருகிறது. போட்ட கிரேடு நியாயமா என்ற வாதத்துக்கு அது மேடை ஆகாது. அதனால் எந்த நாட்டில் படித்தாலும் முதலில் தாளைப் பார்க்கக் கேளுங்கள். அங்கே உங்கள் நிலை வலுவானது.

காப்பி அடித்ததாக, அல்லது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதியதாகச் சொல்லிப் பூஜ்யம் போட்டிருந்தால் அது மார்க் தகராறு அல்ல. அதற்குத் தனி விசாரணை முறை இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பதற்றத்தில் உடனே எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, குறிப்பு நோட்டு, படித்த பக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். எழுதியது நீங்கள்தான் என்றால் அதைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லி நீங்களே முன்வரலாம்.

மறுமதிப்பீட்டு முடிவு வரும் நாளும், அரியர் தேர்வுக்குப் பதிவு செய்யக் கடைசி நாளும் ஒன்றையொன்று கேட்டு நடப்பதில்லை. தோல்வி மார்க் என்றால் "எப்படியும் பாஸ் ஆகிவிடும்" என்று காத்திருக்காமல் பதிவு செய்துவிடுங்கள், படித்தும் கொண்டிருங்கள். கட்டிய பணம் வீணாகலாம், ஆனால் ஒரு பருவம் வீணாகாது. மார்க் மாறிவிட்டதாக ஆசிரியர் சொன்ன பிறகும் வேலை பாக்கி இருக்கும். கிரேடு மாற்றப் படிவத்தில் துறைத் தலைவர் கையெழுத்தாகித் தேர்வுப் பிரிவுக்குப் போக வேண்டும், அந்தத் தாள் மேசையிலேயே தங்கிவிடுவதுண்டு. இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் பட்டியலில் பாருங்கள். பாட கிரேடு மாறியிருந்தால் மொத்தச் சராசரியும் மாறியிருக்கிறதா என்று கணக்கிடுங்கள். முன்பே எங்காவது பழைய பட்டியலைக் கொடுத்திருந்தால் புதியதைக் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.